பழுது பூட்டிலா, சாவியிலா?

வீட்டில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அப்பா, அம்மா, அக்கா, நீங்கள் என நால்வரும் அதைப் பயன்படுத்துகிறீர்கள். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல். ஒரு நாள் உங்கள் கடவுச்சொல்லை மாற்ற நினைக்கிறீர்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் போய் ‘அக்கவுண்ட்ஸ்’ என்ற இடத்தைச் சொடுக்குகிறீர்கள். ஒரு சாளரம் கணநேரம் தோன்றி உடனே மறைந்துவிடுகிறது. மறுபடி சொடுக்கினால் மறுபடியும் அதே கதை.

இப்போது என்ன செய்வது? பெரும்பாலோர் முதலில் பத்து முறை சொடுக்கிப் பார்ப்பார்கள். பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பார்கள். கடைசியில், “கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிடலாம்” என்று முடிவு கட்டுவார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் பழுது போய்விடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அம்மா சேர்த்து வைத்த குடும்பப் படங்களும், அக்கா எழுதி முடித்த செயல்திட்டக் கட்டுரையும் அதோடு சேர்ந்து போய்விடலாம். பழுது எங்கே இருந்தது என்பதும் தெரியாமலே போய்விடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதற்குப் பெரிய கணிப்பொறி அறிவு தேவையில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனை முறையே போதும். அந்த முறையை இந்தச் சாளரத்தின்மேல் எப்படிச் செலுத்துவது என்று பார்ப்போமா? அதற்கு முன், ‘கணக்கு’ என்பது என்ன, அது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு பிறந்த கதை

1960-களின் தொடக்கத்தில் கணிப்பொறி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். அதன் ஒவ்வொரு நிமிடமும் விலை மிகுந்தது. அதைப் பயன்படுத்துபவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இயந்திரம் சும்மா இருக்கலாமா? அந்த இடைவெளியில் இன்னொருவருடைய வேலையைச் செய்தால் என்ன? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் ‘நேரப் பகிர்வு’ முறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் 1961 நவம்பரில் அத்தகைய அமைப்பு ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். அதன் பெயர் சி.டி.எஸ்.எஸ்.

ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டால் ஒரு கேள்வி எழும். யாருடைய கோப்பு யாருக்குச் சொந்தம்? ஒருவர் எழுதியதை மற்றொருவர் அழித்துவிட்டால்? ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை கொடுத்தார்கள். அதற்குள் நுழையக் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். கணிப்பொறிக் கடவுச்சொல்லின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்துதான் சொல்லப்படுகிறது.

அந்த அமைப்பிலேயே 1966-இல் ஒரு வேடிக்கையான விபத்தும் நடந்தது. நிர்வாகிகளுள் ஒருவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர், உள்ளே நுழைவோருக்குக் காட்டப்படும் ‘அன்றைய செய்தி’யைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே கோப்புறையில் வேலை செய்தார்கள். திருத்தும் நிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு கோப்புறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று எண்ணி அந்த நிரலை எழுதியிருந்தார்கள். விளைவு? இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும் அன்றைய செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன!

இந்த விபத்தில் எந்தப் பகுதியும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு உரியதும் இன்னொருவருக்கு உரியதும் ஒரே இடத்தில் கலந்துவிட்டன. அவ்வளவுதான். கணக்கு என்பது இப்படிக் கலக்காமல் காக்கும் சுவர். இந்தச் செய்தி நமக்குப் பின்னால் உதவப்போகிறது.

வீட்டுக்கு வந்த பூட்டு

மேசைமேல் வைக்கும் கணிப்பொறிகள் வந்தபோது, ‘ஒரு பொறிக்கு ஒரு மனிதர்’ என்றே எண்ணினார்கள். அதனால் வீட்டுக் கணிப்பொறிகளில் பூட்டு வெகுகாலம் வெறும் தோற்றமாகவே இருந்தது. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்கும். ஆனால் ‘எஸ்கேப்’ விசையைத் தட்டினால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விட்டுவிடும்!

அதே நிறுவனம் அலுவலகங்களுக்காக 1993-இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. வேறு வகை. அதில் கணக்குகளைப் பிரிக்கும் சுவர் உண்மையான சுவர். அந்தக் கட்டுமானம் 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. வழியாக வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் எக்ஸ்.பி.யில் வீட்டார் அனைவரும் பெரும்பாலும் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிகளாகவே இருந்தார்கள். 2007-இல் மக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாதான் முக்கியமான மாற்றங்களுக்கு முன் நிறுத்தி, “இதைச் செய்யலாமா?” என்று கேட்கத் தொடங்கியது. இன்றைய விண்டோஸ் 11 வரை அந்த வழக்கம் தொடர்கிறது.

கணக்குக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் கணக்கு என்பது திரையில் தெரியும் பெயரும் படமும் மட்டும் அன்று. கணிப்பொறிக்கு உங்கள் பெயர் முக்கியமே இல்லை. அது உங்களை ஒரு நீண்ட எண்ணால்தான் அறியும். கணக்கை உருவாக்கும்போதே அந்த அடையாள எண் வழங்கப்படுகிறது. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் எண் மாறாது. ஆனால் கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் புதிய எண்தான் கிடைக்கும். கணிப்பொறியின் கண்ணுக்கு அது வேறு ஆள்!

அந்த எண்ணுக்கு உரியதாக ஒரு கோப்புறை இருக்கிறது. உங்கள் படங்களும் கட்டுரைகளும் அதில்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்பும் அதில் உண்டு. திரையின் நிறம், மொழி, எந்த நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பன போன்ற உங்கள் சொந்த விருப்பங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் உள்ளே நுழையும்போதெல்லாம் விண்டோஸ் இந்தக் கோப்பைத் திறந்து படிக்கிறது.

இவை உங்களுக்கு மட்டும் உரியவை. இவற்றைத் தவிர, வீட்டார் அனைவருக்கும் பொதுவானவையும் உண்டு. விண்டோஸின் சொந்தக் கோப்புகள், பொதுப் பதிவேடு, எல்லோருக்குமாக நிறுவப்பட்ட நிரல்கள் ஆகியவை அந்த வகை.

செட்டிங்ஸ் சாளரம் திறக்க வேண்டுமானால் இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பொதுவானதைப் பூட்டு என்றும், உங்களுக்கு மட்டும் உரியதைச் சாவி என்றும் வைத்துக்கொள்வோம். கதவு திறக்கவில்லை என்றால், பழுது பூட்டில் இருக்கலாம், சாவியிலும் இருக்கலாம். இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கை வைக்கும் முன்

மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் நாடி பார்க்கிறார் அல்லவா? நாமும் முதலில் பார்ப்போம், பிறகு தொடுவோம்.

முதலாவது, நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். என்ன செய்தீர்கள்? என்ன நடந்தது? ஏதேனும் செய்தி வந்தால் அதை ஓர் எழுத்துக்கூட விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சரியாகத் திறந்தது? அதன் பிறகு ஏதேனும் புதிய நிரல் நிறுவினீர்களா?

இரண்டாவது, முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். பழுது பார்க்கும்போது நேரும் இழப்பு, பல வேளைகளில் பழுதால் நேரும் இழப்பைவிடப் பெரியது.

மூன்றாவது, கணிப்பொறியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். “அதுதான் நேற்று இரவே அணைத்துவிட்டுக் காலையில் போட்டேனே!” என்பீர்கள். இங்கேதான் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ செய்வதும் ‘ரீஸ்டார்ட்’ செய்வதும் ஒன்றல்ல. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு செயல்படும் பொறிகளில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கருப் பகுதி தன் நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுநாள் காலையில் அதே நிலையிலிருந்து விழித்துக்கொள்கிறது. நேற்றைய சிக்கலும் கூடவே விழித்துக்கொள்ளலாம்! ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே அணைத்துப் போட்டது கணக்கில் வராது. ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

மறுப்பு வேறு, பழுது வேறு

சாளரம் திறக்காததற்குப் பழுது மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். வேண்டுமென்றே பூட்டி வைத்ததாகவும் இருக்கலாம். பள்ளிக் கணிப்பொறிகளிலும் அலுவலகக் கணிப்பொறிகளிலும் நிர்வாகிகள் செட்டிங்ஸ் பகுதியையே மூடி வைப்பதுண்டு. முன்பு ஓர் அலுவலகத்தில் இருந்து பிறகு வீட்டுக்கு வந்த கணிப்பொறியில் அந்தத் தடை அப்படியே தங்கியிருக்கக்கூடும். வீட்டிலும் உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்காக இல்லாவிட்டால், சில மாற்றங்களுக்குப் பெரியவர்களின் கடவுச்சொல் கேட்கப்படும்.

இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? மறுப்பு பெரும்பாலும் வாய் திறந்து பேசும். “இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை”, “இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது” என்பன போன்ற செய்திகள் வரும். பழுதோ பெரும்பாலும் பேசாது. தோன்றி மறையும், அல்லது உறைந்து நிற்கும். மறுப்பாக இருந்தால் அதை உடைக்க முயல வேண்டாம். பூட்டியவரிடம் போய்க் கேட்பதே முறை.

ஒரே அறைக்கு இரண்டு வாசல்

அடுத்து ஓர் எளிய சோதனை. விண்டோஸில் கணக்குகளைப் பார்க்க ஒரே ஒரு வாசல்தான் உண்டு என்று நினைக்காதீர்கள். ‘செட்டிங்ஸ்’ புதிய வாசல். அதற்கும் முன்பிருந்தே இருக்கும் ‘கண்ட்ரோல் பேனல்’ பழைய வாசல். அதிலும் ‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ என்ற பகுதி இருக்கிறது. மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இஸட் என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டினால், நிர்வாகியின் ஒப்புதலோடு கணக்குகளின் பட்டியல் திறக்கும்.

செட்டிங்ஸ் திறக்கவில்லை, ஆனால் மற்ற இரண்டும் திறக்கின்றன என்றால் என்ன பொருள்? அறைக்குள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாசல்தான் இறுகிவிட்டது என்று பொருள். உங்கள் கணக்கும் கடவுச்சொல்லும் பத்திரமாக இருக்கின்றன. இந்தத் தெளிவே பாதிக் கவலையைப் போக்கிவிடும் அல்லவா?

மாற்றுச் சாவிச் சோதனை

இப்போது முதன்மைச் சோதனைக்கு வருவோம். தாவரவியல் வகுப்பில் ஒளிச்சேர்க்கைச் சோதனை செய்திருப்பீர்கள். ஒரே இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைக்கிறோம். மற்றப் பகுதியை வெயிலில் விடுகிறோம். செடி ஒன்றே, நீர் ஒன்றே, காற்றும் ஒன்றே. வேறுபாடு ஒளி மட்டும். பிறகு அயோடின் கரைசலில் நிறம் மாறினால் அதற்கு ஒளியே காரணம் என்கிறோம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில் இதற்கு ‘வேறுபாட்டு முறை’ என்று பெயரிட்டார்.

அதையே இங்கும் செய்யலாம். பொறி அதே பொறி. விண்டோஸ் அதே விண்டோஸ். கணக்கை மட்டும் மாற்றுங்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, அக்காவை அவருடைய கணக்கில் நுழையச் சொல்லுங்கள். அங்கே அதே சாளரம் திறக்கிறதா?

வீட்டில் வேறு கணக்கே இல்லை என்றால், புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். ஆனால் கணக்கை உருவாக்கும் இடமே அல்லவா திறக்கவில்லை! பழைய கண்ட்ரோல் பேனலுக்குப் போனாலும், புதிய கணக்கு சேர்க்கும் இடத்தில் அது உங்களைச் செட்டிங்ஸுக்கே திருப்பிவிடும். மேலே சொன்ன எட்டெழுத்துக் குறுக்கு வழி இங்கேதான் கைகொடுக்கும். அங்கே ‘ஆட்’ என்ற பொத்தானைச் சொடுக்கி, ‘சோதனை’ என்ற பெயரில் ஒரு கணக்கை உருவாக்கலாம். இதற்கு நிர்வாகி அதிகாரம் தேவை. எனவே பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருந்தால் சோதனைக் கணக்கும் அதே வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கணக்கானால் அதுவும் சாதாரணமாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு காரணிகளை மாற்றியவர்கள் ஆவோம். விளைவுக்கு எது காரணம் என்று அப்புறம் எப்படிச் சொல்வது?

பழுது சாவியில் என்றால்

புதிய கணக்கில் சாளரம் ஒழுங்காகத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விண்டோஸைக் குறை சொல்ல இடமில்லை. பழுது உங்கள் சொந்தப் பகுதியில்தான். முழுக் கணிப்பொறியையும் ஃபார்மட் செய்ய வேண்டிய தேவை அடியோடு நீங்கிவிட்டது!

முதலில் எளிய மருந்து. ஸ்டார்ட் பட்டியலில் ‘செட்டிங்ஸ்’ பெயரின்மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்தால் ‘ஆப் செட்டிங்ஸ்’ என்ற வழி கிடைக்கும். அதில் ‘ரிப்பேர்’, ‘ரீசெட்’ போன்ற பொத்தான்கள் உள்ளன. முதலில் ரிப்பேர் இருந்தால் அதைச் செய்து பாருங்கள். பயனில்லை என்றால் ரீசெட். ஒவ்வொன்றுக்கும் பின் சோதித்துப் பார்க்க மறவாதீர்கள்.

அதுவும் பயன் தராவிட்டால், உங்கள் விருப்பங்களைப் பதிந்து வைக்கும் மறைவுக் கோப்பு சிதைந்திருக்கக்கூடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோவது இத்தகைய சிதைவுக்கு ஒரு காரணம். அப்போது புதிய கணக்கையே உங்கள் கணக்காக வைத்துக்கொண்டு, பழைய கோப்புறையிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதா என்று சில நாட்கள் பார்த்த பிறகே பழைய கணக்கை நீக்க வேண்டும். கணக்கை நீக்கினால் அதன் கோப்புகளும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. சிதைவு முற்றிய நிலையில் விண்டோஸ் உங்களை ஒரு ‘தற்காலிக’ கணக்குத் தோற்றத்தில் உள்ளே விடும். திரை வெறுமையாகப் புதிதுபோல் இருக்கும். உங்கள் கோப்புகள் ஒன்றும் தெரியா. பயப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் பழைய கோப்புறையிலேயே இருக்கும். ஆனால் அந்த நிலையில் உட்கார்ந்து மாலை முழுவதும் கட்டுரை எழுதிச் சேமித்தால், வெளியேறியதும் அத்தனையும் மறைந்துவிடும். தற்காலிகத் தோற்றம் என்று தெரிந்த உடனே எழுதுவதை நிறுத்திவிடுங்கள்.

பழுது பூட்டில் என்றால்

புதிய கணக்கிலும் திறக்கவில்லையா? அப்படியானால் பழுது பொதுப் பகுதியில். குறிப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். அண்மையில் நிறுவிய நிரல் ஏதேனும் உண்டா? அதை நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.

எந்த நிரல் என்று தெரியவில்லை என்றால் கணக்கு வகுப்பைத் துணைக்கு அழைப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். கணிப்பொறி தொடங்கும்போது தாமாகவே ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியல் அதில் இருக்கிறது. 16 நிரல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் 16 முறை ரீஸ்டார்ட் செய்ய நேரலாம். மாறாக, பாதியை நிறுத்துங்கள். சாளரம் திறந்தால் குற்றவாளி நிறுத்திய 8-க்குள் இருக்கிறது. திறக்காவிட்டால் மற்ற 8-க்குள். அடுத்து 4, பிறகு 2, பிறகு 1. நான்கே சோதனைகளில் ஆள் அகப்பட்டுவிடும்! சந்தேகத்துக்குரியவை 1,024 இருந்தாலும் பத்துச் சோதனைகள் போதும். குற்றவாளி ஒன்றுதான், அது இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது இந்தக் கணக்கின் நிபந்தனை. ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் திறக்காவிட்டால் குற்றவாளி இங்கே இல்லை.

அடுத்து ஐயப்பட வேண்டியவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். இவற்றைச் சரிபார்க்க ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’ என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முக்கியக் கோப்பையும் அது பரிசோதிக்கும். மாறுபட்டிருந்தால், பத்திரப்படுத்தி வைத்துள்ள நல்ல படியைக் கொண்டு சரிசெய்யும். நிர்வாகி அதிகாரத்தோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் எஸ், எஃப், சி என்ற எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் ‘ஸ்கேன்னவ்’ என்ற சொல்லும் சேர்த்தால் வேலை தொடங்கும். சிறிது நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். கூடவே விண்டோஸில் உள்ள நச்சுநிரல் தடுப்பானையும் முழுமையாக ஓட விடுங்கள். சில நச்சுநிரல்கள் தம்மை நீக்க முடியாதபடி இத்தகைய பகுதிகளை அடைத்துவிடுவதுண்டு.

இவை யாவும் தோற்றால் ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்ற கடைசி வழி இருக்கிறது. அதிலும் உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டே விண்டோஸை மட்டும் புதிதாக்கும் தெரிவு உண்டு. நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கோப்புகளின் படி பென் டிரைவில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாத மூன்று

பதிவேட்டைச் ‘சுத்தம் செய்வதாக’ விளம்பரம் செய்யும் நிரல்களை நிறுவாதீர்கள். ஒரு பழுது இரண்டாகலாம். பொருள் புரியாத கட்டளையை எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டாதீர்கள். “உங்கள் கணிப்பொறியில் கோளாறு, நாங்கள் சரிசெய்கிறோம்” என்று தொலைபேசியில் அழைப்பவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள், அவர் கேட்கும் நிரலையும் நிறுவாதீர்கள். அப்படி அழைப்பவர் உங்கள் சாவியைக் கேட்கும் திருடர்.

முறை ஒன்றே

உங்கள் வீட்டில் விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் இருக்கலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸாகவும் இருக்கலாம். அங்கேயும் கதை இதுதான். பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் மரபில் வந்தது லினக்ஸ். நிர்வாகியின் எண் 0. வீட்டாருக்குப் பெரும்பாலும் 1000 முதல் எண்கள். ஒவ்வொருவருடைய விருப்பங்களும் அவரவர் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவுக் கோப்புகளில் இருக்கின்றன. சாளரம் திறக்காவிட்டால் அங்கும் முதல் கேள்வி இதுவே: இன்னொரு கணக்கில் திறக்கிறதா?

குழல் விளக்கு எரியவில்லை என்றால் மின் பணியாளர் என்ன செய்கிறார்? நன்றாக எரியும் வேறொரு குழலை அதே இடத்தில் மாட்டிப் பார்க்கிறார். அது எரிந்தால் பழுது குழலில், எரியாவிட்டால் இணைப்பில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிய பின் பார், பார்த்ததை எழுது. ஆய்வுக்கூடத்திலும் வீட்டிலும் முறை இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் அடையாள எண்ணைக் காண ஆசையா? விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘ஹூ ஆம் ஐ’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றித் தட்டுங்கள். ‘நான் யார்?’ என்பது அதன் பொருள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ‘யூசர்’ என்ற சொல். உடனே ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் நீண்ட எண் ஒன்று வரும். அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். நாமாகச் சேர்க்கும் கணக்குகளுக்கு அது பொதுவாக 1000 அல்லது அதற்கு மேல் இருக்கும். விண்டோஸோடு பிறந்த நிர்வாகிக் கணக்குக்கோ அது 500. வீட்டார் ஒவ்வொருவரையும் தத்தம் கணக்கிலிருந்து இதைச் செய்யச் சொல்லி, கடைசிப் பகுதிகளை வரிசைப்படுத்துங்கள். உங்கள் கணிப்பொறியில் யாருக்கு முதலில் கணக்குத் தொடங்கினார்கள் என்பதை, யாரையும் கேட்காமலே நீங்கள் சொல்லிவிட முடியும்!